மின்மினிக்குக் கூடுதல் பொறுப்பு

காட்டு வெளிச்ச இலாகாவில் மிச்சமிருந்தது ஒரே ஒரு மின்மினி. ராத்திரி முழுக்க ஓயாமல் அலைந்து அலுத்து, துணைக்கு ஆள் கேட்டு அதிகாரி பெருச்சாளியின் முன்னால் போய் நின்றது.

"ஆளா? சம்பளச் செலவு தாங்காம சூரியனையே நேத்து வீட்டுக்கு அனுப்பிட்டோம். இனி அந்த வேலையும் உனக்குத்தான், கூடுதல் பொறுப்பு" என்றது பெருச்சாளி.

"சம்பளம்?"

"பழசேதான்."

மின்மினிக்கு வால்வரை கொதித்தது. "அப்ப ரெண்டு வேலைக்கும் உள்ள லீவையாவது சேர்த்துக் குடுங்கய்யா!"

"அதுக்கென்ன காசா பணமா? தாராளமா எடுத்துக்கோ" என்று பெருச்சாளி கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டது.

மின்மினி காகிதத்தைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டது. "மின்மினிக்குப் பகல்ல லீவு. சூரியனுக்கு ராத்திரியில லீவு. வரட்டுங்களாய்யா?" என்று கேட்டுவிட்டு வால் விளக்கை அணைத்தது.