செம்மண் ஒட்டிய கன்னம்

முஜிபுர் ரகுமான் செல்போன் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தான். அம்மா ஷரபுன்னிசா டிவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒனக்கு எப்பவும் லேட்டுதான். இரு, மறுபடி போடுவாங்க. ஒங்கண்ணன் உசுரோட இருக்கான்டா."

அண்ணன் அபுதாஹிர் வேலை பார்த்த ஊரில் குண்டு விழுந்து, காரைக்குடிக்குப் பெட்டி வந்து ஒரு மாதம் ஆகிறது. திறக்க வேண்டாம் என்று விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டதால் வீட்டில் யாரும் திறக்கவில்லை. அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. அன்றிலிருந்து வீட்டில் போர்ச் செய்தி மட்டும்தான். சைரன் சத்தத்தில்தான் சோறு.

"வேற யாரையோ அனுப்பிட்டாக தம்பி," என்றாள் அண்ணி பர்வீன் பானு. புருஷன் போனதிலிருந்து இத்தா என்ற துக்கக் காலத்தில் அறையை விட்டு வராதவள், இப்போது கூடத்தில் நின்று சிரித்தாள். "நீங்களே பாருங்க, அவுகதான்."

செய்தி திரும்ப வந்தது. நேற்று இடிந்த கட்டடம், அதிலிருந்து வெளியேறும் கூட்டம். நடுவில் அண்ணன் நடந்து வந்தான். அதே கோணல் பல். எல்லார் மேலும் சாம்பல் நிறப் புழுதி. அவன் வலது கன்னத்தில் மட்டும் செம்மண்.

"சொல்லுடா, அவன்தானே?"

முஜிபுர் தலையாட்டினான்.

மையவாடியில் பெட்டியைத் திறந்திருந்தார்கள். குழிக்குள் இறங்கி, கபன் துணியை விலக்கி, அண்ணன் முகத்தை மேற்கே திருப்பி, வலது கன்னம் மண்ணில் படிய வைத்தவன் முஜிபுர்தான்.