பாம்புச்செவி

“பொய் எழுதுறவளைக் காட்டுக்குள்ளேயே விடக் கூடாது மேடம்!”

இரண்டு தாள்களை அதிகாரியின் மேசைமேல் ஓங்கி வைத்தார் அவர். வன அலுவலகத்தில் அவருக்குப் ‘பாம்புச்செவி’ என்று பட்டப்பெயர். அழிந்துவரும் பாட்டுக்குருவி ஒன்றை இருபத்தாறு வருஷமாகக் குரலை வைத்தே எண்ணுகிறவர். அடர்ந்த இலைகளுக்குள் அது கண்ணில் படவே படாது.

இந்த வருஷம் துணைக்கு ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். இருவரும் ஒரே மரத்தடியில் நிற்க வேண்டும், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். அதுதான் முறை.

அவர் தாளில் பூஜ்யம். அவள் தாளில் பதினொன்று.

“போன வருஷமும் பூஜ்யம். இந்த வருஷமும்னா, குருவி அழிஞ்சே போச்சுன்னு திட்டத்தை மூடிடுவாங்க. அதுக்காகப் புளுகலாமா? எனக்கு மட்டும் வயிறு எரியலையா?”

அதிகாரி அந்தப் பெண்ணைப் பார்த்தார். “என்னம்மா இது?”

“கேட்டதைத்தான் எழுதினேன் மேடம்.”

“பதிவு பண்ணியிருப்பியே?”

அவள் தயங்கினாள். “இருக்கு மேடம். உங்ககிட்ட மட்டும் தனியாப் போட்டுக் காட்டட்டுமா?”

“ஏன், குட்டு உடைஞ்சிடும்னு பயமா? இங்கேயே போடு!” என்றார் அவர்.

வேறு வழியில்லாமல் கைபேசியைத் தட்டினாள்.

இலைச் சலசலப்பு கேட்டது. நடுவில் அவருடைய இருமல். அவ்வளவுதான்.

“பார்த்தீங்களா மேடம்? கையும் களவுமா மாட்டிக்கிட்டா!”

அதிகாரி கைபேசியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூலையில் இருந்த தட்டச்சர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

“வெளியில ஏதோ குருவி மேடம். கீச்சுக் குரல்தான், ஆனா என்னமாப் பாடுது!”

அந்தப் பெண் அவசரமாகக் கைபேசியை அணைத்தாள்.

“அடடா, நின்னுடுச்சே” என்றார் தட்டச்சர்.

பாம்புச்செவிக்குச் சுரீரென்று உறைத்தது. போன வாரம்தான் மனைவி எரிந்து விழுந்திருந்தாள்: “தெர்மாமீட்டர் பீப் பீப்னு அந்தக் கத்து கத்துது, காதுல விழலையா?” அவளுக்குத்தான் பிரமை என்று அவர் சொல்லியிருந்தார். பேச்சு, இருமல் எல்லாம் கேட்கிறது; கீச்சுச் சத்தம் மட்டும்தான் காதில் ஏறுவதில்லை.

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“மன்னிச்சிடுங்க சார். நாலு பேர் முன்னாடி வேணாம்னுதான் பார்த்தேன்” என்றாள் அந்தப் பெண்.

“நிஜமாவே பதினொண்ணாம்மா?”

“சத்தியமா பதினொண்ணு சார்.”

அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. முகமெல்லாம் சிரிப்பு.

“அப்பாடா! அப்போ போனது என் காது மட்டும்தானா?”