பின்னால் ஒரு பைக்

“புடிடா அவன. போன வருஷம் செயின் அறுத்தவன்டா. இன்னிக்குக் கூட்டம்னு வந்துட்டான் பாரு.”

அமாவாசை. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு செஞ்சி பஸ் ஸ்டாண்டே நெரிந்துகொண்டிருந்தது. நாலு பேர் பைக்கை மறித்து வீரமணியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார்கள்.

எனக்குக் கை பரபரத்தது. பூக்கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மாட்டினான், நல்லா வேணும்.

அவன் அறுத்தது என் பக்கத்துக் கடை அமிர்தவல்லியின் தாலிச் செயினை. அன்றிலிருந்து பின்னால் பைக் சத்தம் கேட்டாலே கழுத்தைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் கடைக்கு வருவதே நின்றுபோனது.

அவன் ஜெயிலிலிருந்து வந்ததும், சேவை அமைப்பு மேடம் ஒருத்தர் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசினார். “உனக்கு இன்னாம்மா வேணும்?” என்று கேட்டார். இவள் சொன்னாளே ஒரு பதில்.

“நான் கடைக்கு நடக்கறப்ப இவன் பின்னாலயே வண்டியில வரணும். எனக்குப் பயம் போற வரைக்கும்.”

தெருவே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடனையே துணைக்குக் கூட்டிக்கொண்டு போவாளா ஒருத்தி?

அவனும் தவறாமல் வந்தான். நடுங்கி நடுங்கி நடந்தவள், மெல்ல மெல்ல நிமிர்ந்து நடந்தாள்.

இன்று கூட்டத்தில் அவள் முன்னால் போய்விட, இவன் பின்தங்கி மாட்டிக்கொண்டான். ஒருத்தன் கையை ஓங்கிவிட்டான். அதற்குள் அமிர்தவல்லி இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“கைய எடுங்கண்ணா. எங்கூடத்தான் வரான்.”

“இவனா?”

“இவன்தான். நான்தான் வரச் சொன்னேன்.”

முணுமுணுத்தபடி கலைந்தார்கள். வீரமணி பிய்ந்துபோன பட்டனைத் தடவிக்கொண்டு தலை குனிந்து நின்றான்.

எனக்குச் சப்பென்றாகிவிட்டது. அவளைத் தனியாக இழுத்தேன்.

“ஏன்டி, நேத்து அத்தினி பைக்குக்கு நடுவுல நீ போன் பேசிக்கினே ரோட்டத் தாண்டினத நானே பார்த்தேன். உனக்குப் பயம் போயி எத்தினி நாளாவுது? இன்னும் எதுக்கு இவனக் கூட இஸ்துக்கினு சுத்துற?”

“மெதுவாப் பேசுக்கா, அவன் காதுல வுழுந்துடப் போவுது.” சட்டென்று என் கையைப் பிடித்தாள். “எனக்குப் போயிட்ச்சு. இந்த ஊருக்குள்ள தனியா வர்றதுக்கு அவனுக்குத்தான் இன்னும் பயம் போவல.”