மாலை போட்ட படம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மனைவி பிரமு, மகள் செண்பகா, மைத்துனர் தாணு. வெளியாள் எவரும் இல்லை.

செண்பகா கோவில்பட்டியில் கல்லூரிக்காக ஹாக்கி ஆடினாள். சென்னைக் கல்லூரி ஒன்றுக்கு மாற விண்ணப்பித்திருந்தாள். அங்கே ஆள் எடுப்பது போனில் ஒரு செயலி வழியாக. ஆட்டத்தையும் வீட்டையும் படம்பிடித்துக் கொடுத்தால், அந்தச் செயலியே வீராங்கனையின் கதையை எழுதி மதிப்பெண் போடும். எண்பதுக்குக் கீழே இருப்பவர்களைப் பயிற்சியாளர்கள் பார்ப்பதில்லை. மூன்று மாதமாக நாற்பத்தொன்றில் நின்ற மதிப்பெண் அன்று எண்பத்தேழு ஆகியிருந்தது.

"தந்தையை இழந்தும் தளராத கரிசல் மகள்" என்று தாணு வாசித்தார்.

சுவரில் மாலையோடு இருப்பது என் அப்பாவின் படம். எங்கள் வம்சத்தில் முகம் மாறாது. செயலி அவரை நான் என்று எடுத்துக்கொண்டது.

"திருத்து" என்றேன்.

"திருத்துனா பழைய மார்க்குதாம்ப்பா. அஞ்சு மணிக்கு லிஸ்ட்ட மூடிருவாங்க."

"போன்லதான செத்திய அத்தான்? மத்தியானச் சோறு உண்டும்லா" என்றார் தாணு. பிரமு சிரிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லி எவரும் எதையும் வாங்கியதில்லை என்றேன். செண்பகா போனை என்னிடம் நீட்டினாள். ஐந்து மணி வரை கையில் வைத்திருந்தேன். திருத்தும் பொத்தானுக்கு விரல் போகவில்லை.

இப்போது அவள் சென்னையில் ஆடுகிறாள். ஆட்டம் பார்க்கப் பிரமு மட்டும் போகிறாள், நெற்றியில் பொட்டில்லாமல்.

பிரமு அப்படி ரயிலேறுவதைப் பார்த்தவர்கள் நான் காலமாகிவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நான் வீட்டில்தான் இருக்கிறேன்.