தலைவரின் காது

அரங்கில் விளக்குகள் அணைந்ததுமே தலைவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு முன்வரிசையிலிருந்து எழுந்தார். "முக்கியமான கால்" என்று மனைவியிடம் உதட்டை மட்டும் அசைத்துவிட்டு, குனிந்தபடியே பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவினார். போனில் யாரும் இல்லை.

அவர் நிர்வாகத் தலைவராக இருக்கும் சிம்பொனி இசைக்குழுவின் இந்த ஆண்டு முதல் கச்சேரி. தனியாக செல்லோ வாசிக்க வெளியிலிருந்து ஒரு பெண் கலைஞரை வரவழைத்திருந்தார்கள். வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும் அந்த வாத்தியத்தைக் கொட்டாவி விடாமல் கேட்கும் தெம்பு தலைவருக்கு இல்லை. தலைவராக இருப்பது வேறு, உட்கார்ந்து கேட்பது வேறு என்பது அவர் வாதம்.

ஆனால் இன்று அவருக்கு ஒரு மானப் பிரச்சினை இருந்தது. போன வருடம் வாசிப்பு நடுவில் ஒரு கணம் நின்றபோது, முடிந்துவிட்டது என்று நினைத்து அவர் ஒருவர் மட்டும் பலமாகக் கைதட்டிவிட்டார். அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'அவசரக் கைதட்டி' என்று பெயர். தனக்கும் காது இருக்கிறது என்பதை எல்லோரும் அறிய நிரூபித்தே ஆகவேண்டும். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

அந்த வழி, குழுவில் செல்லோ வாசிப்பவர்களுக்கெல்லாம் தலைமையாக உட்காரும் முதல் செல்லோக்காரர். வருடக்கணக்காக அவருக்கு ஒரே புலம்பல். அன்று காலை ஒத்திகையிலும் தலைவரை மடக்கிப் பிடித்தார்.

"ஐயா, இந்தப் பழைய பெட்டியில உயிரைக் குடுத்து வாசிச்சாலும் இவ்வளவுதான் வரும். புதுசு ஒண்ணு வாங்கிக் குடுங்க, அப்புறம் பாருங்க என் கையை. வந்த விருந்தாளிக்கு நடுவுல தந்தி அறுந்துச்சுன்னா என்னோடதைத்தான் எடுத்து நீட்டணும், அவங்களோடதை நான் வாங்கித் தந்தி மாத்தி வாசிக்கணும், அதான் முறை. இதை நீட்டினா நம்ம மானம் கப்பலேறிடும்!"

"சாயங்காலம் என் காதால கேட்டுட்டு, நானே முடிவு சொல்றேன்" என்று தலைவர் கம்பீரமாகச் சொல்லியிருந்தார்.

ஓய்வறை சோபாவில் சாய்ந்து ஷூவைக் கழற்றினார். சுவர் வழியாக செல்லோ மெல்லக் கேட்டது. திடீரென்று எல்லாம் நின்றது. தலைவரின் கைகள் தாமாகவே எழுந்தன, சட்டென்று அடக்கிக்கொண்டார். 'இந்தத் தடவை ஏமாற மாட்டேன்டா!' சற்று நேரத்தில் வாசிப்பு மறுபடியும் தொடங்கவே, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு கண்ணயர்ந்தார். கைதட்டல் கட்டடத்தையே உலுக்கியபோதுதான் விழிப்பு வந்தது.

இடைவேளை முடியும் நேரத்தில், முகம் கழுவிப் பளிச்சென்று வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க, நீங்க இல்லாதப்ப ஒரு விஷயம் நடந்துச்சு" என்றாள் மனைவி.

"எல்லாம் தெரியும். கதவுகிட்ட நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

"இல்லீங்க, அந்தப் பொண்ணு வாசிக்கிறப்ப..."

"உஷ்! ஆரம்பிக்கப் போறாங்க. முன்வரிசையில உக்காந்துக்கிட்டு பேசறது நல்லாவா இருக்கு?"

இரண்டாம் பாதியில் முதல் செல்லோக்காரர் தனியாக வாசிக்கும் இடம் ஒன்று வந்தது. இன்று அவர் செல்லோவைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல அணைத்துப் பிடித்திருந்தார். வில்லை வைத்து இழுத்தார். எண்ணெயே காணாத கதவு ஒன்று திறந்தது. பின்வரிசைகளில் இருமல் கிளம்பியது.

தலைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நன்றாக இல்லை என்பது தனக்கே தெரிகிறதே! அப்படியானால் தனக்குக் காது இருக்கிறது.

கச்சேரி முடிந்ததும் யாரும் கூப்பிடாமலே மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"முதல் பாதியில நம்ம விருந்தாளி வாசிச்சதைக் கேட்டீங்களா? தேன்! அசையாம உக்காந்து ஒவ்வொரு சொட்டா ரசிச்சேன்."

மனைவி முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள்.

"ரெண்டாம் பாதியில நம்ம ஆளு வாசிச்சாரு. ஏன் அப்படிக் கிறீச்சிட்டுது? அவர் மேல ஒரு தப்பும் இல்ல. கையில இருக்கிற பெட்டி அப்படி! அந்த செல்லோ எங்க, இது எங்க? காதுள்ளவனுக்கு ஒரு நொடி போதும்."

செல்லோக்காரர் அவசரமாகக் கையை உயர்த்தினார். "ஐயா, அது வந்து..."

"நீங்க பேசாதீங்க. இத்தனை வருஷம் பொறுத்தது போதும்." தலைவர் அவர் தோளில் சாய்ந்திருந்த செல்லோவின் கழுத்தைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினார். அதன் வயிற்றில் விரல் முட்டியால் 'டொக் டொக்' என்று தட்டிக் காட்டினார். "வெறும் பலகை! நாளைக்கே இதைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, புதுசு வாங்கறோம்!"

அரங்கம் முழுவதும் 'ஐயோ' என்று பதறியது. தன் பேச்சு எடுபட்டுவிட்டதென்று தலைவர் பூரித்துப்போனார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து விருந்தாளிக் கலைஞர் ஓடிவந்தார். அவர் கையில் விளிம்பெல்லாம் தேய்ந்துபோன ஒரு பழைய செல்லோ இருந்தது. அதை முதல் செல்லோக்காரரின் கையில் பத்திரமாகக் கொடுத்தார்.

"தந்தி அறுந்ததும் இதைக் குடுத்து என்னைக் காப்பாத்தினீங்க. கடைசி வரைக்கும் இதுலயே வாசிச்சேன், அருமையான செல்லோ" என்றவர், தலைவர் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் நீட்டினார்.

"மெதுவா குடுங்க சார், அது என்னோடது."