முழங்கால் மேல் சத்தியம்

என் இடது முழங்கால் மேல் சத்தியம், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அந்த முழங்கால் எலும்பில் புற்றுக்கட்டி. அது எலும்பை அரிக்க அரிக்க, எலும்பிலிருந்து கசியும், வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைத் தின்றே மேலும் கொழுத்தது. கசிவு நின்றால்தான் கால் தப்பும் என்ற டாக்டர், கட்டி பேசுவது காதில் விழும்படி ஒரு கருவியையும் மாட்டிவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றது கட்டி, எலும்பிடம்.

"ஓசியில தின்னுட்டு வீட்டையே இடிக்கிறியே, வெளிய போடா!" என்றாள் என் மனைவி செண்பகவல்லி.

"உன் புருஷன் எலும்புதான் ஊட்டுது. அதைக் கேளு."

அவள் என் முழங்காலுக்கு நேரே குனிந்தாள். "இடிக்கிறவனுக்கே ஊட்டி விடுறியே, உனக்கு வெக்கமில்ல?"

எலும்பு வெட்கப்பட்டுக் கசிவதை நிறுத்தியது. கட்டி பட்டினியில் செத்தது, கால் தப்பியது.

இதை எழுதும்போது, செண்பகவல்லி என் இடது தொடைக்குக் கீழே செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டிருக்கிறாள்.