நிலைவாசல் இல்லாத வீடு

பெர்லினில் கட்டடக்கலை படித்துத் திரும்பிய தணிகாசலம் தன் வீட்டுக்கு நிலைவாசல் வைக்கவில்லை. வாசற்படி என்பதே பழங்காலத்துப் பயம் என்பான். பொத்தானை அழுத்தினால் கண்ணாடிச் சுவர் முழுவதும் தரைக்குள் இறங்கிவிடும், தடம்கூடத் தெரியாது. தோட்டத்தில் தொடங்கிய வெள்ளைத் தரை வீட்டுக்குள்ளும் அப்படியே ஓடியது. கான்கிரீட் கூரையும் தோட்டம்வரை நீண்டிருந்தது. கிரகப்பிரவேசத்தன்று காமாட்சி விளக்கோடு வந்த அவன் மனைவி வேதவல்லி பாதியில் நின்றுவிட்டாள்.

“நான் உள்ளே வந்துட்டேனா?”

“வந்தாச்சே!” என்று சிரித்தான்.

“அப்போ எந்தக் காலை வெச்சு வந்தேன்?”

அவனுக்குச் சுருக்கென்றது. “இரு, காட்டுறேன்” என்று தோட்டத்துக்குப் போய்த் திரும்பி நடந்தான். இங்கேதான் என்று வலது காலைத் தூக்கினான். இல்லை, இன்னும் ஓரடி தள்ளி. மறுபடியும் போனான், மறுபடியும் வந்தான். பால் பொங்கியது, பந்தி முடிந்தது, உறவுக்காரர்கள் வெற்றிலை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

கை கடுத்துப்போய் விளக்கைக் கீழே வைத்த வேதவல்லி கூப்பிட்டாள். “போதும், உள்ளே வாங்க.”

தூக்கிய கால் தூக்கியபடி அவளைப் பார்த்தான்.

“நீ உள்ளேயா நிக்கிறே?”